பத்து விநாடிப் பட்டாணி சூப்

பட்டாணி சூப் வைப்பது எப்படி என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி ரஹ்மத் கேட்டார். எனக்கு மறுபடியும் விழுங்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். நான் படுத்திருந்த மருத்துவமனையில், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் கொடுக்கிறார். மூக்கில் குழாயோடு வீட்டுக்குப் போகிறவர்களிடம் அந்தத் தாளைக் கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். நானும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். "பச்சைப் பட்டாணிப் பருப்பு அரைத் தம்ளர்" என்ற முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ஏன் பட்டாணி, துவரம்பருப்பு ஏன் ஆகாது, ஏன் இடது கையால் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

வண்ணார்பேட்டையில் வண்டிகளுக்கு அடிக்கும் பெயின்ட் விற்கும் கடை வைத்திருக்கிறேன். அடிபட்ட காரின் கதவைக் கொண்டுவந்தால், பழைய நிறத்துக்குப் பொருத்தமாகக் கலந்து கொடுப்பேன். அன்று காலையும் ஒரு சாம்பல் நிறத்தைத்தான் கலக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று கடையின் தரை வலப்பக்கமாகச் சரிந்தது. தரை சரியவில்லை, நான்தான் சரிந்தேன் என்று புரிவதற்குள் கீழே கிடந்தேன். வாந்தி, அதன் பின்னாலேயே விக்கல். பக்கத்து டயர் கடைக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தால் வேறு யாருடையதோ போலக் கரகரத்த குரல் வந்தது. டப்பா உருண்ட சத்தம் கேட்டுத்தான் அவர் ஓடி வந்தார். ஆட்டோவில் ஏற்றி, மருத்துவமனை வரைக்கும் என்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

விக்கல் நான்கு நாள் நிற்கவில்லை. அதை வெறும் விக்கல் என்றுதான் நானும் என் மனைவி காந்திமதியும் நினைத்தோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த நரம்பியல் டாக்டரம்மாதான் அதுவும் நோயின் ஒரு பகுதி என்றார். மூளைக்குக் கீழே, கழுத்தோடு சேரும் இடத்தில் விரல் தடிமனுக்கு ஒரு தண்டு இருக்கிறது. அதன் வலப்பக்கத்துக்குப் போகும் சிறு இரத்தக்குழாய் அடைத்துவிட்டது. செத்துப்போன இடம் சுண்டுவிரல் நகம் அளவுதான். ஆனால் விழுங்குவது, குரல், விக்கல், நிற்கும்போது விழாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் அந்த இடத்தில்தான் ஆள் இருக்கிறது.

டாக்டரம்மா இரண்டு கிளையுள்ள ஒரு குளிர்ந்த இரும்புக் கவையை என் முகத்தில் வைத்தார். இடது கன்னத்தில் ஜில்லென்றது. வலது கன்னத்தில் ஏதோ படுவது மட்டும் தெரிந்தது. பிறகு கையில் வைத்தார். இப்போது வலது கைக்குக் குளிர் தெரிந்தது, இடது கைக்குத் தெரியவில்லை. முகத்துக்கு ஒரு பக்கம், உடம்புக்கு மறுபக்கம். எனக்குப் பயத்தை விட ஆச்சரியம்தான் முதலில் வந்தது.

"டாக்டர், இது எப்படி மாறி இருக்கு?" என்று அந்தக் கரகரத்த குரலிலேயே கேட்டேன்.

அவர் ஸ்கேன் உறையின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினார். உடம்பிலிருந்து சூட்டையும் குளிரையும் கொண்டுவரும் நரம்புகள் கீழேயே மறுபக்கம் தாண்டிவிடுகின்றன. முகத்து நரம்புகள் அந்த இடத்தில் இன்னும் தாண்டியிருப்பதில்லை. அடைப்பு இரண்டையும் ஒரே இடத்தில் பிடித்திருக்கிறது. அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

காந்திக்கு அந்தக் கோடுகளில் எல்லாம் மனம் போகவில்லை. "டாக்டர், இவுக எப்ப சாப்பிடுவாக?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பதில் அன்றைக்கு இல்லை. என் வலது நாசி வழியாக வயிறு வரைக்கும் ஒரு மெல்லிய குழாயை இறக்கியிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கஞ்சித் தண்ணீரோ பாலோ வடிகட்டி ஊசிக்குழலில் ஊற்றுவார்கள். வயிறு நிறையும், வாய்க்கு ஒன்றும் தெரியாது. பசி போய்விடும், ஆனால் சாப்பிட்ட மாதிரி இருக்காது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை நான் செய்த தப்பைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த காபியின் மணம் என்னை என்னவோ செய்தது. காந்தியைப் பார்த்து, ரெண்டே ரெண்டு கரண்டி என்றேன். நாக்கை நனைத்தால் போதும் என்று கெஞ்சினேன். அவள் வாசலைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். எனக்கு இருமல் வரவில்லை, புரையேறவில்லை. "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றேன். மறுநாள் காய்ச்சல். நெஞ்சு படத்தில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு.

"வாய் வழியா ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டபோது நான் வாயைத் திறக்கும் முன்னே காந்தி சொன்னாள்:

"நான்தான் குடுத்தேன். அவுக கேக்கல. நானாத்தான் குடுத்தேன்."

அதற்கப்புறம் ஒரு வாரம் நரம்பில் மருந்து ஏறியது. காந்தி என் கட்டிலைச் சுற்றி எல்லாம் செய்தாள்; ஆனால் என் வாய்ப்பக்கம் மட்டும் கையைக் கொண்டுவர மாட்டாள். பஞ்சால் உதட்டை நனைப்பதற்குக்கூட நர்ஸைக் கூப்பிட்டாள்.

அந்தக் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் ரஹ்மத் வந்தார். மேலப்பாளையத்துப் பெண். மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் சொன்னதை மாற்ற மாட்டார்.

"சார், தொண்டைல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு சாப்பாட்டுக்கு, ஒண்ணு மூச்சுக்கு. நாம விழுங்குத அந்த ஒரு நொடியில மூச்சு வழி மூடணும், சாப்பாட்டு வழி திறக்கணும். உங்களுக்கு வலப்பக்கம் தூங்குது. தண்ணி, காபி எல்லாம் வேகமா ஓடிரும். மூடுறதுக்குள்ள உள்ள போயிரும். இருமவும் மாட்டீங்க, ஏன்னா உள்ள போறது உங்களுக்குத் தெரியாது."

"அப்ப ஓடாம இருக்கது?"

"அதைத்தான் பாக்கப் போறோம்."

மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவை விட்டார். பாலில் பச்சை நிறம் கலந்து ஒரு கரண்டி கொடுத்தார்கள், திரையில் தெரிவதற்காக. என் தொண்டையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். இளஞ்சிவப்பு. பச்சைப் பால் வந்தது, வலப்பக்கத்துக் குழியில் தேங்கியது, மெதுவாக வழிந்து குரல் நாண்களுக்கு நடுவே இறங்கிப் போயிற்று. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெருவில் வேறு யார் வீட்டுக்குள்ளோ திருடன் போவதை மாடியிலிருந்து பார்ப்பது போல இருந்தது. உடனே ஒரு உறிஞ்சு குழாயால் எடுத்துவிட்டார்கள். அடுத்து அதே பாலில் கெட்டியாக்கும் பொடியைக் கலந்து கொடுத்தார்கள். அது ஓடவில்லை. ரஹ்மத் என் தலையை வலப்பக்கம் திருப்பி, தாடையை இறக்கி விழுங்கச் சொன்னார். தலையைத் திருப்பினால் தூங்குகிற பக்கம் மடிந்து மூடிக்கொள்கிறது. இடப்பக்கம் வேலை செய்கிறது. பாதிக்கு மேல் சரியான வழியில் இறங்கியது.

டாக்டர் சொன்னது இதுதான்: மூன்று வாரம் பயிற்சி. அதற்குள் போதுமான அளவு வாய் வழியாக உள்ளே போகவில்லை என்றால் வயிற்றில் துளை போட்டு அங்கே குழாய் வைத்துவிடலாம். மூக்குக் குழாயை ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது.

குழாயோடு பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தேன். கெட்டியாக்கும் பொடியும் கூட வந்தது. எதில் கலந்தாலும் அது அட்டைப்பெட்டி ஒட்டும் பசை மாதிரி இருந்தது. வீட்டுச் சாமானில் ஏதாவது செய்யலாமா என்று ரஹ்மத்திடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு ஒரு பத்து மில்லி ஊசிக்குழலை எடுத்துக் கொடுத்தார். உள்ளே தள்ளும் கட்டையை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, பத்து வரை நிரப்ப வேண்டும். விரலை எடுத்துப் பத்து விநாடி ஓடவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். "எட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது. அதே சமயம் கரண்டியச் சாய்ச்சா பைய வழியணும், கட்டியா விழக் கூடாது. வீட்டுல அளந்து மட்டும் பாருங்க. விழுங்குறது இங்கன, என் முன்னால."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்ப்ரே அடிக்கிறவர்களுக்குப் பெயின்ட் பதம் பார்க்க அடியில் ஓட்டை போட்ட ஒரு கிண்ணம் கடையில் கிடக்கிறது. இத்தனை விநாடியில் ஒழுகி முடிந்தால் சரியான பதம். முப்பது வருடமாக நான் பார்த்த வேலையை என் தொண்டைக்காகப் பார்க்கச் சொல்கிறார்.

முதலில் அரிசிக் கஞ்சி. ஒன்பதில் நின்றது. பிரமாதம் என்று நினைத்தேன். ஆனால் ரஹ்மத் ஒன்று சொல்லியிருந்தார்: எச்சில் பட்டால் மாவு இளகும். அதையும் பார்த்துவிடலாம் என்று வாயில் வைத்த கரண்டியை ஒரு தம்ளர் கஞ்சியில் போட்டுக் கலக்கிவிட்டு, கால் மணி நேரம் கழித்து அளந்தேன். நாலுக்கு வந்திருந்தது. நாம் கஞ்சி குடித்து முடிக்கும்போது கிண்ணத்தின் அடியில் தண்ணீராக இருப்பது ஏன் என்று ஐம்பத்து மூன்று வயதில்தான் தெரிந்துகொண்டேன். அடுத்து துவரம்பருப்பு கடைந்தது. அது கொஞ்ச நேரத்தில் பிரிந்து, பருப்பு கீழேயும் தண்ணீர் மேலேயுமாக நின்றது. மேலே நிற்கும் தண்ணீர்தான் எனக்கு ஆபத்து. உருளைக்கிழங்கு தொண்டையில் ஒட்டும் என்று ரஹ்மத் வேண்டாம் என்றார்.

தெருமுனை மளிகைக் கடைக்காரர் வீட்டுக்கே வந்து விசாரித்தார். என்ன தேடுகிறேன் என்று கேட்டுவிட்டு, "பட்டாணிப் பருப்பு பாத்தியளா அண்ணாச்சி? மஞ்சப் பட்டாணிய வடைக்கு வாங்குதாவ. பச்சையா உடைச்சது ஒரு மூட்டை கிடக்கு, ஒரு பயலும் சீந்த மாட்டேங்கான். வேக வச்சா அல்வா மாதிரி ஆயிரும். மதினிட்ட குடுத்து விடுதேன்" என்றார்.

அரைத் தம்ளர் பருப்பைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நாலு தம்ளர் தண்ணீர், இரண்டு பல் பூண்டு, ஒரு சிறு கேரட், கொஞ்சம் மஞ்சள் போட்டுக் குக்கரில் ஏழு விசில் விட்டாள் காந்தி. ஆறியதும் மிக்சியில் அரைத்து, கம்பி வடிகட்டியில் இரண்டு முறை வடித்தாள். ஒரு தோல் துணுக்குகூடத் தங்கக் கூடாது. அந்தப் பச்சை எனக்குப் பிடித்திருந்தது. பழைய ஜீப்புகளுக்கு அடிக்கும் பச்சையில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தால் வரும் நிறம். ஒரு தம்ளரில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரியவில்லை. எச்சில் கரண்டி போட்டதும் இளகியது, ஆனால் கொஞ்சமாக. சிறு கிண்ணத்தில் தனியாக ஊற்றிக் குடித்தால் சமாளிக்கலாம்.

அந்த மகிழ்ச்சியில்தான் அடுப்படிக்குப் போய், காந்தி மறுபடி சுடவைத்திருந்த மிச்சத்தை நானே மாற்றி ஊற்றினேன். பாத்திரத்தை இடது கையால் பிடித்திருந்தேன். காந்தி திரும்பிப் பார்த்து அலறினாள்.

"ஐயோ, கைய எடுங்க! கைய எடுங்க!"

எனக்கு எதற்கு அலறுகிறாள் என்றே தெரியவில்லை. பாத்திரம் கையில் இருப்பது தெரிந்தது. அதன் சூடு தெரியவில்லை. கையை விரித்துப் பார்த்தால் உள்ளங்கை சிவந்து கிடந்தது. சாயங்காலம் மூன்று கொப்புளம். அவள் மருந்து போட்டுவிட்டு, "இனிமே அந்தக் கைய அடுப்படிக்குக் கூட்டிட்டு வராதிய" என்றாள். இன்றுவரை அந்தக் கை அப்படித்தான் இருக்கிறது. வெந்நீர் எது, பச்சைத் தண்ணீர் எது என்று அதற்குத் தெரியாது.

திங்கட்கிழமை சூப்பைப் பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு போனோம். வீட்டில் அளந்தபோது எட்டரை. ரஹ்மத்தின் அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போய்க் கிண்ணத்தில் ஊற்றினோம். அவர் என் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டி, முந்தைய நாள் குறிப்பைக் கேட்டு எழுதி முடிப்பதற்குள் சூப்பின் மேல் ஆடை கட்டிவிட்டது. கரண்டியைச் சாய்த்தார். வழியவில்லை. குலுக்கினார். களிமண் மாதிரி ஒரே கட்டியாக விழுந்தது.

"இது வேண்டாம் சார். தொண்டையில நின்னுரும்."

கெட்டிப் பொடி போட்ட தண்ணீரையே ஐந்து கரண்டி கொடுத்து அனுப்பினார். மூன்று வாரத்தில் ஒன்று போயிற்று. ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கரண்டிக்கு மேல் பசையை என்னால் வாயில் வைத்திருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காந்தி வெடித்தாள்.

"போதும். பொடியே குடிங்க. நல்லா இல்லன்னா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிங்க. ஏற்கெனவே ஒரு தடவை என் கையால குடுத்து நுரையீரல்ல சளி கட்டிக் கிடந்திய. இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

"காபிய நான்தான கேட்டேன். டாக்டரம்மாட்ட நீ ஏன் அப்படிச் சொன்ன?"

"கேட்டா? குடுத்தது எந்தக் கை?"

ஊசிக்குழலை எடுத்துக் கழுவிக்கொண்டே, "இந்தத் தடவை நான் வைக்கேன். நீ சூடு மட்டும் பாத்துச் சொல்லு. என் வாயில குடுக்க வேண்டாம், நானே குடிச்சுக்கிடுதேன்" என்றேன். மறுநாள் காலை பருப்பு ஊறிக்கொண்டிருந்தது.

என் தவறு எனக்குப் புரிந்திருந்தது. சித்திரையில் ஓடும் பெயின்ட் மார்கழியில் ஓடாது. சூடாக இருக்கும்போது அளந்த அளவு ஆறின சூப்புக்குச் செல்லாது. குடிக்கும்போது என்ன சூடு இருக்குமோ அந்தச் சூட்டில்தான் அளக்க வேண்டும். ஆனால் எந்தச் சூடு என்று சொல்ல என் வாயில் பாதிக்கும் இடது கைக்கும் தெரியாது; வலது கையில் ஊசிக்குழல் இருக்கும். காந்தி மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். "இன்னும் சுடுது... இன்னும்... இப்பச் சரி" என்பாள். அந்த நொடியில் ஊசிக்குழலை நிரப்புவேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து எண்ணுவாள். ஏழு. நாலு தம்ளரை ஐந்தாக்கியதில் தண்ணீர் அதிகம். மறுநாள் அரைத் தம்ளர் குறைத்தோம். ஒன்பதரை. ரொம்பக் கெட்டி. கால் தம்ளர் கூட்டினோம். எட்டரை. மறுபடி செய்தோம், மறுபடி எட்டரை. நான்கு நாள் எங்கள் சமையலறை என் கடை மாதிரி இருந்தது. பத்து எண்ணும்போது அவள் தன்னை அறியாமல் சிரித்ததை நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பிளாஸ்கோடு ஊசிக்குழலையும் கொண்டு போனோம். ரஹ்மத் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் பிளாஸ்க்கைத் திறந்தோம். காந்தி மணிக்கட்டில் பார்த்தாள். ரஹ்மத் அளந்தார். எட்டரை. கரண்டியைச் சாய்த்தார். ஒரு பச்சை நாடாவாக இறங்கியது.

அவர் இரண்டு விரலை என் தொண்டையில் வைத்தார். "வலப்பக்கம் திரும்புங்க. தாடை கீழ. வாயில வச்சிருங்க. இப்ப, பலமா. இன்னொரு தடவை. 'ஆ' சொல்லுங்க."

"ஆ" என்றேன். குரலுக்குள் தண்ணீர் களகளத்தது. காந்தி நாற்காலியின் விளிம்பைப் பிடித்தாள்.

"இருமுங்க. மறுபடி விழுங்குங்க. 'ஆ'."

இந்தத் தடவை குரல் சுத்தமாக வந்தது. கிளிப்பில் எண் இறங்கவில்லை. இரண்டாவது கரண்டி. மூன்றாவது. நான்காவதில்தான் ருசியைக் கவனிக்க எனக்கு அவகாசம் கிடைத்தது. பூண்டு தெரிந்தது. பட்டாணியின் அந்த மெல்லிய இனிப்பு தெரிந்தது. ஒரு மாதத்தில் முதல் சாப்பாடு.

"எப்படி இருக்கு சார்?"

"உப்பு கம்மி" என்றேன்.

"பிரஷருக்கு அவ்வளவுதான்" என்றாள் காந்தி. அப்படிச் சொல்லிவிட்டு அழுதாள்.

அன்று பன்னிரண்டு கரண்டி. மறுநாள் அரைக் கிண்ணம். அடுத்த வாரம், வீட்டிலேயே குடிக்கலாம் என்றார் ரஹ்மத். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைத் திருப்பி, கரண்டிக்கு இரண்டு தடவை விழுங்கி, அரை மணி நேரத்தில் ஒரு கிண்ணம். குடித்த பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் சூப். சலித்துப்போகாமல் இருக்க ஒரு நாள் மிளகு, ஒரு நாள் சீரகம், ஒரு நாள் பரங்கிக்காய். பரங்கிக்காய் போட்டால் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பதை இதைப் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளவும். முக்கியமாக இன்னொன்று: என் தொண்டைக்கு எட்டரை என்றால் உங்கள் வீட்டாருக்கும் அதுவே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேமராவில் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். பச்சைத் தண்ணீரை எனக்கு அனுமதிக்க இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

மூன்றாவது வார முடிவில் மறுபடி கேமரா. இந்தத் தடவை நிறம் கலக்க வேண்டியிருக்கவில்லை, சூப்பே பச்சை. திரையில் அது வந்தது, இடப்பக்கமாகத் திரும்பியது, கண்ணிமைக்கும் நேரத்தில் காணாமல் போயிற்று. வலப்பக்கக் குழியில் கொஞ்சம் தங்கியது. இரண்டாவது தடவை விழுங்கியதும் அதுவும் போயிற்று. குரல் நாண்களுக்கு நடுவே ஒரு பொட்டுப் பச்சைகூட இல்லை. டாக்டர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வயித்துல குழாய் தேவையில்ல. மூக்குல இருக்கதையும் எடுத்துடலாம்" என்றார்.

நர்ஸ் மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ஒரே இழுப்பில் எடுத்தார். உள்ளேயிருந்து நீளமாக ஏதோ புழு வெளியேறியது போல இருந்தது. இவ்வளவு நீளமா என்று கையில் வாங்கிப் பார்த்தேன். முகம் லேசாகிவிட்டது. மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ஆட்டோ கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். காந்தி வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், "அண்ணே, இங்கன நிறுத்துங்க" என்றாள். ஒரு சிறிய இட்லிக் கடை. மதியம் பன்னிரண்டு மணிக்கும் அங்கே ஆவி பறந்துகொண்டிருந்தது.

"என்ன, எதுக்கு?" என்றேன்.

"எனக்குப் பசிக்குது" என்றாள்.

அவள் கம்பியைப் பிடித்து இறங்கும்போதுதான் கவனித்தேன். எப்போதும் மணிக்கட்டில் இறுகி நிற்கும் வளையல்கள் முழங்கை வரைக்கும் சரிந்து போயின. தொளதொளத்த ரவிக்கையின் தோளில் இரண்டு ஊக்கு குத்தியிருந்தாள். என் எடையை வாரா வாரம் எழுதி வைத்திருந்தோம். அவள் எடையை யாரும் பார்க்கவில்லை.

நாலு இட்லி வாங்கினாள். ஆட்டோவின் பக்கத்திலேயே நின்று, இலையைக் கையில் ஏந்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். வேகமாக, சாம்பார் விரலில் வழிய, இட்லியைப் பெரிது பெரிதாகப் பிட்டு. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது விழுங்குகிறாள், எப்படி ஒவ்வொன்றும் தானாக, சரியாகப் போய்ச் சேருகிறது என்று அவள் தொண்டையையே பார்த்தேன்.

"அப்படிப் பாக்காதிய. அங்கிட்டுத் திரும்புங்க" என்றாள் வாய் நிறைய.

நான் திரும்பவில்லை. கடைக்காரரிடம் அவள் இலையில் இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னேன்.